செத்தவர்களின் நீலக் கோட்

மிரோஜன் உயிரோடு இருந்தவரை கோட் போட்டதில்லை. செத்த பிறகுதான் போட்டான்.

அல்லைப்பிட்டிச் சந்தியில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, ஒரு ஆள் உயரப் பதாகையில், நீலக் கோட்டும் கழுத்தில் ரையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஒரு பக்கம் மெழுகுதிரி, மறுபக்கம் புறா. காலடியில், ‘உன் பிரிவால் துயருறும் நண்பர்கள்’.

“துஷ்யந்தன், இதிலை உமக்கு என்ன தெரியுது?” என்று கேட்டார் பவதாரணி அக்கா.

“நல்ல துணி அக்கா. ஆனா கடலுக்குப் போறவன் தோய்ச்சு மாளாது.”

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கிறது. எந்தச் சாவீட்டிலும் என் கண் முதலில் துணிக்குப் போவது பரம்பரை வியாதி. அக்காவின் கண் எழுத்துக்கும் நிறத்துக்கும் போகும். விளம்பரப் பலகைகள் வடிவமைத்து வயிறு வளர்த்தவர். பலகை சொல்லும் பொய்யெல்லாம் அலுத்துப்போய், மனிதர் சொல்லும் பொய்யைப் பார்க்கலாமென்று துப்பறிய இறங்கினார். நான் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். இடைக்கிடை பேரமும் பேசுவேன்.

எங்களை அழைத்தவர் மிரோஜனின் தாய் எமிலி. பாஸ்கு என்ற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முதல்நாள், பெரிய சனியன்று, வீட்டை விட்டுப் போன மகன் திரும்பவில்லை. படகு மண்டைதீவுப் பக்கம் ஆளில்லாமல் மிதந்தது. பிறகு கடல் அவனைத் திருப்பிக் கொடுத்தது. மண்டை உடைந்திருந்தது. முகமென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டியை மூடித்தான் அடக்கம் செய்தார்கள்.

பொலிஸ் பிடித்தது கரம்பொன் நிரோஜனை. மிரோஜனின் உயிர்த் தோழன். வலை விஷயமாக இருவரும் அந்த வாரம் தெருவில் வாய்ச்சண்டை பிடித்ததை ஊரே பார்த்திருந்தது. நிரோஜனுடைய செருப்பு படகுக்குள் கிடந்தது. படகின் வெளிப்பக்கத்தில் சிவப்பாய் ஒரு இழுப்பு, ரத்தம் என்றார்கள். நேற்றுப் பொலிஸ் முற்றத்தில் போய்ப் பார்த்தபோது அக்கா குனிந்து மணந்துவிட்டு, “எனாமல் பெயின்ற்” என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. நிரோஜன் விளக்கமறியலில். நாளைக்கு நீதவான் முன்னால் நிறுத்துகிறார்கள்.

“அவன் செய்யேல்லைப் பிள்ளை,” என்று எமிலி காலையில் எங்களிடம் சொன்னார். “அவன்ரை செருப்பு எப்பவும் அந்தப் படகிலைதான் கிடக்கும். என்ரை குசினியிலை மூண்டு கோப்பை வைப்பன். என்ரை ரெண்டுக்கும் அவனுக்கும். ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்திட்டன். மற்றவனை மறியலுக்குக் குடுக்க ஏலாது. செய்தவனைப் பிடிச்சுத் தாங்கோ. ஆராயிருந்தாலும் சரி.”

ஆராயிருந்தாலும் சரி. எங்கள் கடையில் ‘எந்த விலையெண்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டு நுழைபவர்கள் உண்டு. விலையைக் கேட்டபின் முகம் மாறாத ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை.

எமிலியின் மூத்த மகன் டெனிஸ்ரன்தான் படலையைத் திறந்து எங்களை அனுப்பிவைத்தான். சவரம் செய்யாத முகம், வெறுங்கால். பெரிய சனியன்று காலை தம்பி வெளிக்கிட்டுப் போனதைக் கண்டதோடு சரி. தான் நாள் முழுக்கக் கோயிலில் தோரணம் கட்டும் சோடினை வேலையில் நின்றதாகப் பொலிசுக்குச் சொல்லியிருந்தான். எங்களுக்கும் அதையே சொன்னான்.

“ஆள் வடிவாத்தானே இருக்கிறான் அக்கா. வேறை என்ன பாக்கிறியள்?” என்றேன் சந்தியில்.

“நாடியைப் பாரும்.”

பார்த்தேன். நெற்றியும் கன்னத்து மேடும் கடற்காற்றில் வறுபட்ட கறுப்பு. மீசைக்குக் கீழே, நாடியிலிருந்து காதடி வரை, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளிறல்.

“ஸ்ரூடியோக்காரன் வெள்ளையாக்கியிருப்பான். இங்கை செத்தவையை வெள்ளையாக்காமல் மேலை அனுப்பமாட்டினம்.”

“வெள்ளையாக்கிறவன் முழு முகத்தையும் ஆக்குவான். அரைவாசியிலை கைவிடான். இது தாடி மூடியிருந்த தோல். அண்டைக்குத்தான் வழிச்ச முகம்.”

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எமிலி காலையில் அழுகைக்கு நடுவே சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வருடம் அவருக்குக் கண்ணில் ஒப்பரேசன். அது நல்லபடி முடிய வேண்டுமென்று மிரோஜன் தவக்காலம் முழுக்கத் தாடி வளர்த்தான். அப்படி ஒரு நேர்த்தி வைத்தது அதுதான் முதல் தடவை. சனி காலை தாடியோடுதான் வீட்டை விட்டுப் போனான். ‘இரவுப் பூசைக்குக் குழந்தைப்பிள்ளை மாதிரி வழிச்சுக்கொண்டு வந்து நிப்பன், பாருங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனான். பூசைக்கு வரவில்லை.

“அப்ப இந்த முகத்தைத் தாயே காணேல்லை,” என்றேன்.

“தாய் காணேல்லை. முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் அவ சந்திக்கு வரமாட்டா, பதாகையும் பாக்கமாட்டா. ஊர் கண்டது, ஆனா கவனிக்கேல்லை. மீசையும் வெறும் நாடியுமாய் எப்பவும் பாத்த முகம்தானே. அவன் வழிச்ச பிறகு, சாக முதல், ஒருத்தர் இந்தப் படத்தை எடுத்திருக்கினம். அது ஆரெண்டு தெரிஞ்சாப் போதும்.”

“அச்சடிச்சவனைக் கேப்பம். கீழ் மூலையிலை கடைப் பேரும் நம்பரும் இருக்குமே.”

குனிந்தேன். கீழ் வலது மூலை இல்லை. காற்று கிழித்திருந்தால் நார் தொங்கும். இது கத்தி வைத்து நறுக்கின நேர்வெட்டு.

“பாத்தீரோ?” என்றார் அக்கா. “ஒருத்தருக்கு இந்தப் பதாகை பயத்தைக் குடுத்திருக்கு.”

“பயந்தவன் முழுக்க அவிட்டுக்கொண்டு போயிருக்கலாமே.”

“எங்கை அவிழ்க்கிறது? கண்ணீர் அஞ்சலியை நாள் முடியமுன்னம் அவிட்டால் ஊர் கேக்கும். கட்டினவனே அவிழ்க்க ஏலாது. வெயில்தான் அவிழ்க்க வேணும். ஒரு மூலையை ஆரும் கேக்காயினம்.”

அது சரிதான். இந்த ஊரில் பதாகைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. பதாகை கட்டவே யாரும் துணியாத சாவுகளைப் பார்த்த ஊர் இது. அதனால் இப்போது கட்டியதை அவிழ்க்க யாருக்கும் கை வராது.

“கடை தெரியாமல் எங்கை போறது?”

அக்கா மிரோஜனின் நெஞ்சைக் காட்டினார். “கோட்டைப் பாரும். கோட் மேல்மடிப்பிலை மங்கலாய் ஒரு புகை தெரியுதோ? அதிலை ஒரு பூ குத்தியிருந்திருக்கு. கலியாணக் கோட். பூவை அழிச்சவர் சரியாய் அழிக்கேல்லை. ஒவ்வொரு ஸ்ரூடியோவுக்கும் செத்தவையின்ரை தலையை ஒட்ட ஒரு கோட் இருக்கும். இது ஆற்றை கோட்டெண்டு தீவிலை இருக்கிற மற்றப் பிரேதங்களைக் கேப்பம்.”

“நல்லது. அவை பேரம் பேசாயினம்.”

வேலணைப் பக்கம் வண்டியை விட்டேன். அக்கா பின்னாலிருந்து தெருவை வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு பலசரக்குக் கடை முழுக்கத் தொலைபேசிக் கம்பனியின் நிறம்; கம்பனி பெயர் யானை அளவு, கடைக்காரரின் பெயர் எறும்பு அளவு. சுவரை இனாமாகப் பூசிக்கொடுத்தவனுக்குச் சுவர் போய்விட்டது. மூன்று மொழியில் ஊர்ப்பெயர் சொன்ன பலகையில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளை மட்டும் துரு வட்டமிட்டிருந்தது. பனங்காணி ஒன்றின் வேலியில் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை. சிவப்பு முழுக்கப் போய், வெள்ளைத் தகரத்தில் பல் மட்டும் தெரிந்தது.

“வெயில் முதல் தின்னுறது சிவப்பு,” என்றார். “பிறகு மஞ்சள். நீலம்தான் கடைசி. ஆபத்தெண்டு எழுதின சிவப்பு முதல் போகுது. ஆபத்து அங்கையே இருக்கு.”

வேலணையில் முதல் சாட்சி கிடைத்தார். ஏரம்பு என்ற முதியவர், போன மாசியில் காலமானவர். எண்பது வயது முகத்துக்குக் கீழே அதே நீலக் கோட், அதே புகை. மூலையை ஆடு தின்றிருந்தது.

“ஏரம்பர் மிரோஜனை விடத் தடிச்ச ஆள். கோட் ரெண்டு பேருக்கும் அளவாயிருக்கே,” என்றேன். “எங்கடை கடையிலை இப்பிடி ஒண்டு கிடைச்சா ஒரு துணியிலை ஊரையே உடுத்துவன்.”

சுருவிலில் இரண்டாவது சாட்சி, ஒரு வாத்தியார், முதலாம் ஆண்டு நினைவு. வெயில் அவரைத் தின்று முடித்திருந்தது. முகம், மெழுகுதிரி, புறா எல்லாம் ஒரே நீலம். மூலையில் எழுத்திருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்ததுபோல ஒரு தடம்.

“கோட் மேற்காலை போகப் போக அடிக்கடி வருது,” என்றார் அக்கா. “கடை அங்காலைதான். விடும்.”

கரம்பொன்னில் மூன்றாவது சாட்சி புதியவர். நேற்றுத்தான் கட்டியிருந்தார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம். நீலக் கோட், அழித்த பூ, கீழே வெட்டுப்படாத மூலை. ‘கனகா டிஜிற்றல், கரம்பொன்’. அம்புக்குறி வேறு போட்டிருந்தது. செத்தவரின் கால்மாட்டிலிருந்து அந்த அம்பு பக்கத்து ஒழுங்கையைக் காட்டியது.

கனகசபை அவித்த மரவள்ளியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“என்ரை மச்சான் ரொறன்ரோவிலை கலியாணத்துக்குப் போட்டது. நல்ல துணியெல்லோ? இஞ்சை இருந்து போனவை எத்தினை பேர் அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கினம். மச்சானுக்குத் தெரியாது. தெரிஞ்சா வாடகை கேப்பான்.”

“கேட்டால் குடுக்காதேங்கோ,” என்றேன். “பூவைச் சரியா அழிக்காத சாமான். குறைச்சுக் கதைக்கலாம்.”

“அல்லைப்பிட்டி மிரோஜன்ரை படம்,” என்றார் அக்கா. “ஆர் தந்தது?”

“விளையாட்டுக் கழகப் பொடியள் ஓடர் தந்தவங்கள். படம் செத்தவீட்டிலை இருந்து போனிலை வந்தது.”

“வந்த மாதிரியே இருக்கோ? தலையை வெட்ட முன்னம்?”

“இருக்கும். நான் ஒண்டையும் எறியிறேல்லை.” கைகழுவிவிட்டுக் கணினியைத் தட்டினார். “பின்னாலை இருக்கிறதை நாங்கள் பாக்கிறேல்லைப் பாருங்கோ. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப்போடுவம். சனத்துக்கும் அது தெரியும். சமையலறையிலை நிண்ட படத்தையும் அனுப்புவினம், கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை நிண்டதையும் அனுப்புவினம்.”

திரை விரிந்தது. கோட் இல்லை. கழுத்து இழுபட்ட பனியனோடு கரையில் மிரோஜன். தோளில் ஒரு துவாய், கழுத்தில் சவர நுரை காயாமல் ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் படகு. அதன் பக்கத்தில் சிவப்பு எனாமலில் பெரிதாக ‘விற்பனைக்கு’. முதல் பாதி எழுத்து இழுபட்டுப் போயிருந்தது. மிரோஜனின் கையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி. எழுதினதை அழித்துக்கொண்டே படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பொலிஸ் முற்றத்தில் மணந்த சிவப்பு அது. படகு கடலில் நின்ற கடைசி நாள். அவனுடையதும்.

“துணிச்சலாத்தான் அனுப்பியிருக்கிறான்,” என்றேன். “முகத்தை மட்டும் எடுப்பியள் எண்டு நம்பி.”

“செத்தவீட்டிலை பொடியள் வாசலிலை நிண்டு படம் கேட்டால் யோசிக்க எங்கை நேரம்,” என்றார் அக்கா. “யோசிச்சது பிறகு. அப்பதான் கத்தியோடை சந்திக்குப் போனது. கனகசபை அண்ணை, வந்த நம்பரைச் சொல்லுங்கோ.”

கனகசபை வாசித்தார். நான் என் போனில் தட்டினேன். கடைசி இலக்கத்தைத் தட்ட முதலே திரையில் பெயர் வந்து நின்றது.

எமிலி அம்மா.

எங்களை இந்த வேலைக்கு அழைத்த நம்பர். செய்தவனைப் பிடித்துத் தரச்சொன்ன நம்பர்.

அக்கா படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழும்பினார். திரும்பும் வழியில் அவர் ஒரு பலகையைக்கூட வாசிக்கவில்லை.

எமிலி குசினி வாசலில் பாயில் இருந்தார். டெனிஸ்ரன் கிணற்றடியில் நின்று எங்களைப் பார்த்தான். வாளியை இறக்கினவன் இழுக்க மறந்து நின்றான்.

“அம்மா, உங்கடை போனிலை படம் எடுப்பியளோ?” என்றார் அக்கா.

“எனக்கெங்கை உது விளங்குது. வாற கோலை எடுப்பன், அவ்வளவுதான். ஏன் பிள்ளை?”

அக்கா என் போனை அவர் கையில் கொடுத்தார். எமிலி அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். ஒப்பரேசன் செய்த கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. பெருவிரலால் திரையில் அந்த வெளிறின நாடியைத் தடவினார். தடவத் தடவப் படம் பெருத்தது.

“வடிவா வழிச்சிருக்கிறான்,” என்றார். “சொன்ன மாதிரி. குழந்தைப்பிள்ளை மாதிரி.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து துணிக்கு, துணியிலிருந்து படகுக்கு, படகிலிருந்து சிவப்பு எழுத்துக்கு அவர் கண் போவதை நான் பார்த்தேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒருவர் விலையைக் கணக்குப் போடும் முகம் தெரியும். இனி மேல் பார்க்கவேண்டாமென்று எனக்குப்பட்டது.

“இது எங்கடை போனிலை இருந்தோ வந்தது?”

“ஓம் அம்மா.”

“பெரிய சனி அண்டைக்கு என்னட்டைப் போன் இல்லை,” என்று மெதுவாகச் சொன்னார். “பெரியவன்ரை போன் திருத்தக் குடுத்திருந்தது. என்ரையை அவன்தான் கொண்டுபோனவன்.” பிறகு குரலை உயர்த்தாமலே கூப்பிட்டார். “டெனிஸ்ரன். இஞ்சை வா.”

அவன் வந்தான். ஓடியிருக்கலாம். பின்வேலிக்கு அப்பால் வெட்டை, அதற்கப்பால் கடல். ஓடாமல் வந்து தாய்க்கு முன்னால் நின்றான்.

எமிலி போனை அவன் பக்கம் திருப்பினார். “தம்பி கடைசியாய் ஆரைப் பாத்துச் சிரிச்சவன்?”

டெனிஸ்ரன் படத்தைப் பார்த்தான். பார்வை எழுத்தில் நிற்கவில்லை, படகில் நிற்கவில்லை. நாடியில் நின்றது. கை தன்னையறியாமல் தன் தாடிக்குப் போனது.

“நான்தானம்மா வழிச்சுவிட்டனான்,” என்றான். “கரையிலை இருத்தி. பிறகு எனக்கு அவன் வழிச்சுவிடுறதெண்டு கதை. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் நேர்த்தி வைச்சனாங்கள்.”

“பிறகு?”

“படகை வித்துப்போட்டு நான் பிரான்சுக்குப் போறனெண்டன். எழுதியும் விட்டனான். அப்பான்ரை படகை விக்க விடனெண்டு சிரிச்சுச் சிரிச்சு அழிச்சான். பகிடிக்கு நானும் படம் எடுத்தனான். அழிச்சு முடிச்சிட்டு ஏறிப் படகை எடுத்தான். கதைச்சுக் கதைச்சு நானும் ஏறினன். கண்டல் பற்றைக்கு அங்காலை போனாப் பிறகு வாய் தடிச்சுது. தள்ளினனான். மெசின்ரை மேலை தலை அடிபட்டுத் தண்ணிக்குள்ளை விழுந்தான்.” மூச்சு எடுத்தான். “சாகட்டுமெண்டு தள்ளேல்லை அம்மா. தூக்கிப் பாத்தன். ஏலேல்லை.”

“அந்தத் தண்ணி இடுப்பளவெண்டாலும் இருக்குமோ?”

டெனிஸ்ரன் கையைத் தொடையளவில் வைத்துக் காட்டினான்.

“நடந்து வந்தனி,” என்றார் எமிலி. “அவனை விட்டிட்டு நடந்து வந்தனி. உடுப்பு மாத்தினனி. கோயிலுக்கு வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டு மெழுகுதிரி பிடிச்சனி. ‘தம்பியைக் காணேல்லையே’ எண்டு நான் கேக்க, என்ரை மெழுகுதிரியிலை இருந்துதான் உன்ரையைக் கொளுத்தினனி.”

டெனிஸ்ரன் நிலத்தில் இருந்துவிட்டான்.

“நிரோஜனையும் மறியலிலை விட்டுட்டு நிண்டிருக்கிறாய்.”

“நாளைக்குச் சொல்லுவமெண்டுதான் ஒவ்வொரு நாளும்...”

“இண்டைக்குச் சொல்லு.”

அக்கா தள்ளிப்போய்ப் பொலிசுக்கு அழைத்தார். இம்முறை காது கொடுத்தார்கள் போல, நிறையப் பேசவில்லை. நான் கிணற்றடிக்குப் போய், தண்ணீருக்குள் கிடந்த வாளியை இழுத்து வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜீப் வரும்வரை தாயும் மகனும் எதிரெதிரே இருந்தார்கள். சத்தம் கேட்டதும் எமிலி உள்ளே போய்க் கிண்ணத்தில் தண்ணீரும் பழைய ஒரு ரேசரும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

“நேர்த்தியை முடிச்சுப்போட்டுப் போ,” என்றார்.

அவன் ரேசரை எடுத்தான், திரும்பக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அவரும் எடுத்து வழித்துவிடவில்லை. தாடியோடுதான் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் வெளிக்கிடும்போது எமிலி குசினிக்குள் நின்றார். அலுமாரியிலிருந்து மூன்று கோப்பைகளையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றேன். “நாங்கள் போட்டு வாறம்.”

“தம்பி,” என்றார் திரும்பாமலே. “நாளைக்கு நிரோஜனை விட்டாங்களெண்டால், கரம்பொன்னுக்குப் போக முதல் நேரை இஞ்சை வரச்சொல்லும். சாப்பாடு வைச்சிருப்பன்.” இரண்டு கோப்பைகளை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். “சந்தியாலை வரவேண்டாமெண்டும் சொல்லும். உள்ரோட்டாலை வரட்டும். அவன் அந்தச் சிரிப்பை இப்ப பாக்கவேண்டாம்.”